வண்டி தங்கும் ஊர்

முனீர்கா, புது தில்லி
11 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இன்று கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். சுகம் விசாரிப்பது பிறகு.

கூட்டம் முடியும் நேரத்தில் எங்கள் இயக்குநர் கனகலட்சுமி மேடம் கேட்டார்: "இந்த ஆய்வில் ஓடப்போகிற பேருந்துகளில் இங்கே யாருக்காவது சொந்தக்காரர் உண்டா? இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், தப்பில்லை." மேசையைச் சுற்றிப் பதினோரு பேர். என் முன்னால் இருந்த பட்டியலில், மணிமங்கலம் முதல் வல்லம் வடகால் வரை, காலை 4.50 என்று ஒரு வரி இருந்தது. அது உன் வண்டி. நான் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தேன். மேடம் "யாருமில்லை" என்று குறித்துக்கொண்டார்.

ஏன் சொல்லவில்லை என்று பேருந்தில் திரும்பி வரும்போது யோசித்தேன். மூன்று வருடமாக நான் பார்த்திராத ஊர்களின் சாலைகளைப் பற்றி அறிக்கை எழுதுகிறேன். முதல்முறையாக, எந்த இடத்தில் எந்த வளைவு வரும் என்று எனக்குத் தெரிந்த சாலை வருகிறது. சொன்னால் என்னை மாற்றிவிடுவார்கள். அவ்வளவுதான் காரணம். பெரிதாக ஒன்றுமில்லை.

ஆய்வு என்ன என்று கேட்பாய். பேருந்து தயாரிக்கிற கம்பெனி, ஒரு பொறியியல் கல்லூரி, உங்கள் முதலாளியைப் போல ஆலைக்கு ஆள் ஏற்றும் காண்ட்ராக்டர்கள், இவர்கள் சேர்ந்து ஓட்டுநரின் கண்ணசதியை அளக்கப் போகிறார்கள். ஸ்டீயரிங்குக்கு மேலே ஒரு பெட்டி. அது இமை மூடுவதை எண்ணும். கம்பெனிக்குக் கல்லூரி மேல் நம்பிக்கை இல்லை, காண்ட்ராக்டருக்கு இருவர் மேலும் இல்லை. அதனால் நடுவில் எங்கள் சாலைப் பாதுகாப்பு ஆணையம். முகம் பதிவாகக் கூடாது, பெயருக்குப் பதில் எண் மட்டும், அதை வைத்து யாரையும் வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்பவை நாங்கள் போட்ட விதிகள். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் எங்களிடம் பூட்டிக் கிடக்கும்.

போனில் சொன்னால் அம்மா ஸ்பீக்கரில் போட்டு அண்ணியையும் பக்கத்து வீட்டையும் கூட்டிவிடுகிறாள். அதனால்தான் இந்த லெட்டர். நீயும் எழுது.

அம்மாவின் முழங்கால் எப்படி? எனக்கு வெயில் தவிர வேறு குறை இல்லை.

பெனிஷா

குன்றத்தூர்
25 ஜூன் 2024

அன்புத் தங்கை பெனிக்கு,

நாங்கள் எல்லோரும் நல்லபடி. அம்மாவுக்கு முழங்காலில் எண்ணெய் போடுகிறோம். "டில்லியில சோறு இருக்கா"ன்னு இன்னும் கேட்கிறாள்.

நீ சொல்லாததே நல்லது. யாரும் கேட்டால் இனிமேலும் சொல்லாதே.

போன சனிக்கிழமை ஒரகடம் ஷெட்டில் காண்ட்ராக்டர் ரத்தினம் எல்லா டிரைவரையும் கூப்பிட்டு, கல்லூரியிலிருந்து வந்த பையன்களை விட்டுப் பேச வைத்தார். அவர்கள் படம் போட்டுக் காட்டினார்கள். யாருக்கும் புரியவில்லை. மோகன் எழுந்து, "சார், கண்ண மூடுனா டில்லில மணி அடிக்குமா?" என்றான். ஒரே சிரிப்பு. "பொண்டாட்டி மூஞ்சிய பார்த்துட்டு வந்து கண்ண மூடிக்கினு இருந்தா அதுக்கும் மணியா?" என்று இன்னொருத்தன். சார் பையன் பாவம், வேர்த்துப் போய் நின்றான்.

கையெழுத்துப் போட ஒருத்தனும் வரவில்லை. அப்புறம் நான்தான் எழுந்தேன். "யோவ், அந்த ஆபீஸ்ல என் தங்கச்சி கீறா. எவன் பேரும் வெளிய போவாதுன்னு சட்டம் போட்டுகிறாங்க. வேல போனா என் சட்டைய புடி" என்றேன். நம் ஷெட்டில் பத்தொன்பது பேர் போட்டார்கள். கடைசியில் தசரதன் அண்ணன். தெரியுமே, மணிமங்கலத்தில் நம் பழைய வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி. என்னுடைய வண்டியில் அவர்தான் இன்னொரு டிரைவர். "எனக்கு அம்பத்தேழு ஆவுது எபி, மார்ச்சு வந்தா மூட்டை கட்டிக்கினு போவேன், என் கண்ண எதுக்குடா எண்ணணும்?" என்றார். "நான் சொல்றேன் இல்ல, போடுண்ணா" என்று பேனாவைக் கையில் திணித்தேன்.

எனக்கு ஒரு கார்டு, அவருக்கு ஒரு கார்டு. டிரிப் ஷீட்டில் யார் பெயரோ அந்தக் கார்டைப் பெட்டியில் வைத்தால் பச்சை விளக்கு எரிகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். மெலிந்துவிட்டாய் என்று அம்மா போட்டோ பார்த்துச் சொன்னாள்.

உன் அண்ணன்
எபினேசர்

முனீர்கா
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டது. எனக்கு இருமல், வேறொன்றுமில்லை. உன் மகள் ஒன்றாம் வகுப்புக்கு அழாமல் போகிறாளா?

நீ ஷெட்டில் என் பெயரைச் சொன்னதை நினைத்து இரண்டு நாள் சங்கடப்பட்டேன். ஆனால் நீ சொன்னதில் பொய் இல்லை. விதி அப்படித்தான் இருக்கிறது. பத்தொன்பது பேரும் அந்த விதியை நம்பிக் கையெழுத்திட்டார்கள் என்று வைத்துக்கொள்கிறேன், என்னை நம்பி என்று அல்லாமல்.

எண்கள் வர ஆரம்பித்துவிட்டன. தினமும் காலை பத்து மணிக்கு நாற்பது வரிகள். எனக்கு அதைப் படிப்பதுதான் வேலை. எதைப் படித்தேன் என்று உனக்கு எழுதக் கூடாது, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு விதியை மட்டும் சொல்லலாம், உங்களிடமும் படித்துக் காட்டியிருப்பார்கள். ஒரு எண்ணில் ஒரு வாரத்துக்குப் பத்து முறைக்கு மேல், இரண்டு நொடியைத் தாண்டிக் கண் மூடினால், நான் பாதுகாப்புக் குழுவுக்கு எழுத வேண்டும். குழு பூட்டைத் திறந்து பெயரைப் பார்க்கும். அந்த ஓட்டுநருக்குச் சம்பளத்தோடு ஓய்வு, மருத்துவப் பரிசோதனை. அது தண்டனை இல்லை.

நீ எத்தனை மணிக்குப் படுக்கிறாய்? சும்மா கேட்கிறேன். சாப்பிட்டதும் போனைப் பார்த்துக்கொண்டு உட்காருகிற பழக்கம் இன்னும் இருக்கிறதா?

பெனிஷா

குன்றத்தூர்
20 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கைக்கு,

இருமலுக்குச் சுக்கு போட்டுக் குடி. தில்லியில் கிடைக்காவிட்டால் அனுப்புகிறேன்.

நான் படுத்தால் பிணம். உன் அண்ணியைக் கேள். "பக்கத்துல இடி வுழுந்தாலும் இந்த மனுஷன் எழுந்துக்க மாட்டாரு" என்று அம்மாவிடம் தினமும் புகார். சின்னவளைப் பள்ளியில் விடுவது நான்தான். முதல் வாரம் அழுதாள். இப்போது என்னைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பெட்டி வந்த பிறகு ஷெட்டில் நல்ல வேடிக்கை. தசரதன் அண்ணன் வண்டியில் ஏறியதும் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஸ்டீயரிங்கைத் தொடுகிறார். "இன்னாண்ணா, சாமியா அது?" என்று மோகன் கேட்டதற்கு, "உன் பொண்டாட்டி உன்ன பாக்குறதோட இது என்ன ஒழுங்கா பாக்குதுடா" என்றார். வண்டியில் வரும் பெண்கள் அதற்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள். நாற்பத்திரண்டு பேர், எல்லாம் திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளைகள், ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிறார்கள். காலை டிரிப்பில் ஏறியதும் எல்லாம் தூங்கிவிடுமாம்.

எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

எபினேசர்

முனீர்கா
15 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுக்கு வந்தது. இருமல் போய்விட்டது. அம்மாவிடம் சொல்லிவிடு.

உன் கடிதத்தை நான்கைந்து முறை படித்தேன். நன்றாகத் தூங்குகிறேன் என்று எழுதியிருந்த இடத்தை.

ஒரு எண் இருக்கிறது. யாருடையது என்று எனக்குத் தெரியக் கூடாது. ஆனால் மணிமங்கலத்திலிருந்து 4.50க்கு ஒரே ஒரு வண்டிதான் கிளம்புகிறது. இதற்கு மேல் எழுத முடியாது.

நீ ஒரு வாரம் லீவு போடு. காரணம் கேட்காதே. சின்னவளுக்குக் காய்ச்சல் என்று சொல். தங்கைக்கு உடம்பு சரியில்லை, தில்லிக்குப் போகிறேன் என்று வேண்டுமானாலும் சொல். காலையில் சீக்கிரம் எழுகிறவர்கள் தங்களுக்குத் தூக்கம் போதும் என்றுதான் நினைப்பார்கள் என்று படித்திருக்கிறேன். இரண்டு நொடி கண் மூடியவனுக்கு அது மூடியதே தெரியாதாம். கேட்டால் சத்தியம் செய்வானாம், உண்மையாகவே.

நீ பொய் சொல்கிறாய் என்று நான் சொல்லவில்லை.

எனக்கு ஒரு வேலை இருக்கிறது. அதை இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். உன் பதிலைப் பார்த்துவிட்டுச் செய்யலாம் என்று இருக்கிறேன். உடனே எழுது.

அண்ணியையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல்.

பெனிஷா

குன்றத்தூர்
22 அக்டோபர் 2024

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆயுத பூஜைக்கு வண்டி கழுவியது, ஷெட் வேலை என்று நாள் போய்விட்டது. அம்மா நலம்.

என் கண் மூடவில்லை. வேதப் புத்தகத்தின் மேல் கையை வைத்துச் சொல்கிறேன். நீ படித்த விஷயமெல்லாம் எனக்கு வேண்டாம். நான் தூங்கவில்லை என்றால் தூங்கவில்லை.

லீவு கேட்டால் ரத்தினம், "எபி, உன் தங்கச்சி எதனா சொல்லிச்சா?" என்று கேட்பார். அதனால் கேட்கவில்லை.

நீ ஒன்றும் எழுதிக் கொடுக்காதே. மார்ச் வரைக்கும் பொறு. அதற்குப் பிறகு எல்லாம் தானாகச் சரியாகிவிடும். இந்த ஒரு விஷயத்தில் அண்ணன் சொல்வதைக் கேள்.

எபினேசர்

முனீர்கா
3 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் நலம்.

அக்டோபர் 30ஆம் தேதி காலை மேடம் அறைக்குப் போய், ஜூன் மாதம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அந்த வண்டியில் என் அண்ணன் இருக்கிறான் என்று. பிறகு 31ஆம் எண்ணைப் பற்றிச் சொன்னேன். செப்டம்பரிலிருந்து விதியின் அளவைத் தாண்டிய எட்டு வாரங்களில், கண்மூடல்களில் சிலவற்றை 'எதிர் வண்டியின் வெளிச்சம், பெட்டியின் பிழை' என்று குறித்து எண்ணிக்கையைப் பத்துக்குள் நிறுத்தியிருந்தேன். அதையும் சொன்னேன்.

மேடம் கத்தவில்லை. "எத்தனை பேர் அந்த வண்டியில்?" என்று கேட்டார். நாற்பத்திரண்டு என்றேன். "உங்களுக்கு அது தெரிந்திருந்தது" என்றார். ஆமாம் என்றேன். ஒரு தாளை எடுத்து எழுதினார். நான் இந்த ஆய்வில் இல்லை. என் கோப்பில் ஒரு குறிப்பு இருக்கிறது. இப்போது சுங்கச்சாவடி வரிசைகளைப் பற்றிய பழைய அறிக்கைகளைத் தொகுக்கிறேன். அது நியாயம்தான்.

உனக்கு இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "அண்ணனுக்கு எழுதுங்கள். ஓட்டுநருக்கு எழுதாதீர்கள்" என்றார். அந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

குழு பூட்டைத் திறந்துவிட்டது. உன்னை மருத்துவமனைக்கு அழைப்பார்கள். இரண்டு வாரம் வண்டி எடுக்க வேண்டாம். சம்பளம் பிடிக்கக் கூடாது, வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்று ரத்தினத்துக்குக் கடிதம் போயிருக்கிறது.

உன் சத்தியத்தை நான் நம்பவில்லை. எட்டு வாரம் நம்பப் பார்த்தேன், தினமும் பத்து மணிக்கு வரிகள் வந்துகொண்டிருந்தன.

பெனிஷா

குன்றத்தூர்
24 நவம்பர் 2024

பெனிக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

மருத்துவமனையில் ஒரு நாள் படுக்க வைத்தார்கள். தலையில் பதினாறு ஒயர், மூக்கில் ஒன்று, காலில் இரண்டு. காலையில் டாக்டரம்மா காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ்டர் எபினேசர், இவ்ளோ நல்லா தூங்குற ஆள நான் பார்த்ததே இல்ல. உங்கள எதுக்கு அனுப்புனாங்க?" என்றார். என் தங்கச்சி அனுப்பினாள் என்று சொல்லவில்லை.

ஷெட்டில் மோகன் என்னைக் கண்டாலே வாயால் மணி அடிக்கிறான். "டிங் டிங், தங்கச்சி வந்துட்டா." மற்றவர்கள் அதுகூடச் செய்வதில்லை. நான் போய் உட்கார்ந்தால் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள். ரத்தினம் சட்டப்படி சம்பளம் பிடிக்கவில்லை. "ரெஸ்ட் எடுப்பா" என்று ஸ்பேர் டிரைவர் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்.

இனி மறைத்து என்ன ஆகப் போகிறது. அந்தக் கண் என்னுடையது இல்லை, பெனி.

நீ தில்லிக்குப் போனவள், உனக்கு எங்கள் வழக்கம் தெரியாது. வண்டி எந்த ஊரில் இரவு தங்குகிறதோ, அந்த ஊர்க்காரன்தான் முதல் டிரிப்பும் கடைசி டிரிப்பும் ஓட்டுவான். இந்த ரோட்டில் எல்லா ஷெட்டிலும் அப்படித்தான், எங்கள் காலத்துக்கு முன்பிருந்தே. எங்கள் வண்டி மணிமங்கலத்தில் தசரதன் அண்ணன் வீட்டு வாசலில் நிற்கும். ஷீட்டில் விடியற்காலை டிரிப் என் பெயரில். ஆனால் நான் குன்றத்தூரிலிருந்து நாலு மணிக்குப் பைக்கில் போவதா, வாசலில் வண்டி நிற்கிறவர் எடுப்பதா? அவர்தான் எடுக்கிறார். ராத்திரி ஆட்களை இறக்கி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவதும் அவர்தான். நடுவில் மதியம் இரண்டு டிரிப் நான். ரெண்டு கார்டும் வண்டியிலேயே ரப்பர் பேண்ட் போட்டு இருக்கும். ஓட்டுவது யாரானாலும், ஷீட்டில் யார் பெயரோ அந்தக் கார்டை வைப்போம். ஷீட்டுப்படி எனக்கு எட்டு மணி நேரம், அவருக்கு எட்டு மணி நேரம். நிஜத்தில் அவர் பதினொன்றரைக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்திருக்கிறார்.

உன் செப்டம்பர் லெட்டரைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அதனால்தான் ஒரு மாதம் பேனா எடுக்கவில்லை. "அண்ணா, தூங்குறியா வண்டில?" என்று அவரிடம் கேட்டேன். "போடா, முப்பது வருஷ சர்வீஸ்" என்றார். ஃபிளாஸ்க் நிறையக் காப்பி போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? அம்பத்தைந்து தாண்டிய டிரைவரை எடுத்துவிட ரத்தினம் ஒரு சாக்குத்தான் தேடிக்கொண்டிருக்கிறார். மார்ச் வரை ஓட்டிவிட்டால் மரியாதையாக மாலை போட்டு அனுப்புவார்கள். நான் பேனாவைத் திணித்துத்தானே அவர் கையெழுத்துப் போட்டார்?

இப்போது ஷீட்டிலேயே அந்த டிரிப் அவர் பெயரில்தான். நான்தான் பெஞ்சில் இருக்கிறேனே.

நீ இப்போது அந்த வேலையில் இல்லை என்று எழுதியிருந்தாய். அப்படியானால் யாருக்கும் சொல்ல வேண்டிய கடமையும் உனக்கு இல்லை. நாலு மாதம். கேட்கிறேன்.

எபினேசர்

முனீர்கா
1 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். குளிர் ஆரம்பித்துவிட்டது.

முதலில் மன்னிப்பு. நீ சத்தியம் செய்தது உண்மை, நான் நம்பவில்லை. பெட்டி முகத்தைப் பார்க்கக் கூடாது என்று விதி எழுதியவர்களில் நானும் ஒருத்தி. உங்களைக் காப்பாற்றுவதற்காக எழுதியது. அது ஒருவருடைய கண்ணை இன்னொருவர் பெயரில் காட்டியிருக்கிறது. நாங்கள் யாரும் ஷெட்டில் போய் உட்கார்ந்து, வண்டி எங்கே தங்குகிறது என்று கேட்கவில்லை.

கடமை இல்லை என்று எழுதியிருக்கிறாய். நானும் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் காலை ஐந்தேகாலுக்கு எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அந்த நேரத்துக்கு வண்டி படப்பையைத் தாண்டியிருக்கும். என் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை, வரிகளை யாரும் படிப்பதில்லை.

தசரதன் மாமாவே குழுவிடம் சொல்லிவிட்டால், விதிப்படி அவருக்கு ஓய்வும் சம்பளமும் உண்டு. வேறு யார் சொன்னாலும், கார்டை மாற்றி வைத்தார் என்பதுதான் முதலில் பேச்சாகும். 15ஆம் தேதி வரை நான் யாரிடமும் போக மாட்டேன். அவரிடம் பேசு. அதற்குள் அவர் அந்த டிரிப்பை எடுக்காமல் இருக்க ஏதாவது வழி செய். பைக்கில் நீயே போ.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

பெனிஷா

மணிமங்கலம்
9 டிசம்பர் 2024

பெனிஷா பாப்பாவுக்கு,

தசரதன் மாமா எழுதறது. வூட்ல எல்லாம் நல்லா கீறோம். நீ சவுக்கியமா இருக்கணும்.

நீ எபிக்கு எழுதுன லெட்டர அவன் டேஷ்போர்டுல வுட்டுட்டு போயிட்டான். படிச்சுட்டேன். தப்பா எடுத்துக்காத. கவர் மேல உன் அட்ரஸ் இருந்துது.

ஒரு வாரமா அவனே விடிகாலைல பைக்ல வந்து நிக்கிறான். "நீ தூங்குண்ணா, நான் எடுக்கறேன்"றான். "ஏன்டா, நீ பெஞ்சு டிரைவருடா, ஷீட்ல என் பேருடா"ன்னா, காதுல வாங்க மாட்றான். இன்னான்னு கேட்டா, குளிருக்கு நல்லா கீது சும்மா வந்தேன்றான். இப்பதான் புரியுது.

எனக்கு ஒன்னு தெரியணும் பாப்பா. எத்தன தடவ? நான் தூங்கனேன்னு எனக்கு ஒரு நாள் கூட தெரியாது. சத்தியமா தெரியாது. அந்த பொண்ணுங்க எறங்கும்போது "வரோம் தாத்தா"ன்னு சொல்லிட்டு போவும். எத்தன தடவ, எவ்ளோ நேரம், எந்த எடத்துல. எழுது.

இந்த லெட்டர யார்கிட்ட காட்டணுமோ காட்டு. நான்தான் ஓட்டுனேன், நான்தான் கார்ட மாத்தி வெச்சேன். எபி ஒன்னும் பண்ணல.

ஆனா நானா எழுதிக் குடுத்தேன்னு எபிக்கு சொல்லாத. எனக்காக ஷெட்ல அவ்ளோ பேச்சு வாங்குனான், வாய தொறக்கல. நானே போய் குடுத்துட்டேன்னு தெரிஞ்சா அவனுக்கு மனசு வுட்டுப்பூடும். கோவம் உன் மேலயே இருக்கட்டும், நீ தங்கச்சி, எப்பனா சரியாயிடும்.

இப்படிக்கு
தசரதன்

முனீர்கா
18 டிசம்பர் 2024

மரியாதைக்குரிய தசரதன் மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அத்தையும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு ஓட்டுநருக்கும் தன் எண்ணிக்கையைக் கேட்டு வாங்க உரிமை உண்டு என்று ஒரு விதி இருக்கிறது. இதுவரை யாரும் கேட்டதில்லை. நீங்கள்தான் முதல் ஆள். அதற்கு உங்கள் கடிதத்தைக் குழுவிடம் கொடுக்க வேண்டியிருந்தது. திங்கட்கிழமை கொடுத்துவிட்டேன். அவர்கள் அனுமதித்ததை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 1 முதல் அக்டோபர் 30 வரை, விடியற்காலை டிரிப்பில், நூற்றுப் பதினெட்டு முறை. பெரும்பாலும் படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில். மிக நீளமானது அக்டோபர் 8ஆம் தேதி 5.21க்கு, நாலரை நொடி. அப்போது வண்டியின் வேகம் அறுபது. எழுபத்தைந்து மீட்டர் போயிருக்கிறது. சாலையோரம் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்குமே, அதில் ஐந்து லாரி நீளம்.

நீங்கள் கேட்டதால் எழுதினேன். இதில் உங்கள் தப்பு எவ்வளவு, ஷீட்டின் தப்பு எவ்வளவு, எட்டு வாரம் எழுதாமல் இருந்த என் தப்பு எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

அண்ணனிடம் சொல்ல மாட்டேன்.

பெனிஷா

இதற்குப் பதில் வரவில்லை. டிசம்பர் 20ஆம் தேதி தசரதன் மாமா கார்டை ஷெட்டில் ஒப்படைத்தார். சம்பளத்தோடு நாற்பத்திரண்டு நாள் ஓய்வில் இருந்தார். ஷெட்டின் பிப்ரவரி மாத டிரைவர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆணையம் ரத்தினத்துக்கு இரண்டு கடிதம் எழுதியது. ஆய்வின் விதி ஆய்வில் இருக்கும் ஓட்டுநருக்கு மட்டுமே பொருந்தும், ஓய்வு முடிந்ததும் அவர் அதில் இல்லை என்று ரத்தினத்தின் வக்கீல் பதில் அனுப்பினார். அது சரிதான். தங்கச்சிதான் காட்டிக்கொடுத்தாள் என்று ஷெட்டில் பேச்சு. கையெழுத்துப் போட்ட பத்தொன்பது பேரில் பதினான்கு பேர் விலகிக்கொண்டார்கள். மார்ச்சில் ஒரகடம் பகுதியின் ஆய்வு நிறுத்தப்பட்டது. 4.50 வண்டி இப்போது குன்றத்தூரில் தங்குகிறது. முதல் டிரிப்பையும் கடைசி டிரிப்பையும் அண்ணன் ஓட்டுகிறான். எனக்கு எழுதுவதில்லை.